உவரிக் காற்றும் பாளையங்கோட்டை வெயிலும்: கழிவு சேர்த்த எஸ்சிசி எத்தனை நாள் தாங்கும் என்று எப்படிச் சோதிப்பது?

பாளையங்கோட்டையில் சிவில் கடைசி வருஷம் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "அண்ணாச்சி, நாங்க நாலு பேரு சேந்து எஸ்சிசி, அதான் வைப்ரேட்டர் போடாமலே அச்சுக்குள்ள ஓடி நிரம்பித் தானே இறுகும் கான்கிரீட், போட்டிருக்கோம். சிமெண்டுல 30 சதவீதத்துக்குப் பதிலா தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் (ஃபிளை ஆஷ்), மணல்ல பாதிக்கு ஜல்லி உடைக்கிற கிரஷர் டஸ்ட். 28 நாள்ல கியூப நசுக்கிப் பாத்தா சராசரி வலிமை சதுர மி.மீ.க்கு 36 நியூட்டன் வந்துது. இப்போ டியூரபிலிட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லுதாங்க. எந்த டெஸ்ட், எப்படிப் பண்ணணும்? எங்க அப்பா திசையன்விளையில காம்பவுண்டு போஸ்டும் செப்டிக் டேங்க் உறையும் வார்க்காங்க. நல்லா வந்தா இதையே அங்கயும் போடலாம்னு ஒரு எண்ணம்."

தம்பி, புராஜெக்ட் புத்தகத்துக்கு மட்டும் என்றால் மூன்று டெஸ்ட் பெயரைச் சொல்லி முடித்திருப்பேன். கடைசியில் அப்பாவைப் பற்றி எழுதியதால்தான் இவ்வளவு நீளம். காசு கொடுத்து வாங்கியவர் வீட்டு வாசலில் அந்தப் போஸ்ட் இருபது வருஷம் நிற்க வேண்டும்.

டியூரபிலிட்டி என்று தனியாக ஒரு டெஸ்ட் கிடையாது. எதைத் தாங்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. கடலோர உவரிப் பக்கம் காற்றில் உப்பு வருகிறது. பாளையங்கோட்டையில் உப்பு இல்லை. அங்கே வறண்ட காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே போய்க் கம்பியைச் சுற்றியிருக்கும் காரத்தன்மையைக் குறைக்கிறது. செப்டிக் டேங்க் உறைக்குள் இருக்கும் எதிரி அமிலம். இந்த மூன்றுக்கும் ஒரே கலவை ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஃபிளை ஆஷ் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. சிமெண்ட் நீரோடு சேரும்போது வெளிவரும் சுண்ணாம்பைச் சாம்பல் தின்று நுண்துளைகளை அடைக்கிறது, அதனால் உப்பு நுழைவது குறைகிறது. அதே சுண்ணாம்புதான் கார்பன் டை ஆக்சைடை எதிர்த்து நிற்கும் கையிருப்பும். அது குறைந்தால் கார்பனேஷன் வேகமாகும். உவரியில் ஜெயிக்கிற கலவை பாளையங்கோட்டையில் கொஞ்சம் பின்வாங்கலாம். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த ஒரு விஷயம் தெளிவாக வந்துவிட்டாலே அது நல்ல ரிப்போர்ட்.

டெஸ்டுக்கு முன்னால் நீங்கள் சொல்லாமல் விட்ட சிலதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

எந்த சிமெண்ட் போட்டீர்கள்? நம் ஊர்க் கடைகளில் கேட்டவுடன் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பிபிசி, அதாவது சாம்பல் கலந்தே வரும் சிமெண்ட் மூட்டைதான். அதில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கும். மூட்டையில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதில் 30 சதவீதத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் போட்டால் மொத்தச் சாம்பல் 51 சதவீதம். நூற்றில் எழுபது பங்கு பிபிசி, அந்த எழுபதில் இருபத்தொன்று சாம்பல், அதோடு உங்கள் முப்பது. ரிப்போர்ட்டில் 30 என்று எழுதியிருப்பீர்கள், கியூபுக்குள் இருப்பது 51. ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சிமெண்டில் 43 அல்லது 53 கிரேடு மூட்டையைத் தேடி வாங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. மூட்டையின் போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அடுத்து, சாம்பல் எங்கிருந்து அள்ளியது? அனல்மின் நிலையத்தில் புகையிலிருந்து பிடித்துத் தொட்டியில் சேர்க்கும் உலர் சாம்பல் வேறு, தண்ணீரில் கரைத்துக் குளத்துக்கு அனுப்பிய சாம்பல் வேறு. சாம்பலுக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐஎஸ் 3812 முதல் பாகம் கேட்பது நைஸான சாம்பல்: 45 மைக்ரான் சல்லடையில் 34 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது, எரியாத கரி முதலியவற்றைக் காட்டும் எரிப்பு இழப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குளத்துச் சாம்பல் இதில் தேறுவது கஷ்டம். கடல் தண்ணீரில் கரைத்து அனுப்பிய சாம்பலாக இருந்தால் உப்பும் கூடவே வந்திருக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டில் மொத்தக் குளோரைடு ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456. வெளியிலிருந்து உப்பு எவ்வளவு நுழைகிறது என்று மாசக்கணக்கில் அளந்துகொண்டிருக்கும்போது, உள்ளே நாமே அள்ளிப் போட்டது தெரியாமல் போய்விடும். கரி கூடின சாம்பலுக்கு இன்னொரு குணமும் உண்டு. கலவையை ஓட வைக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசரை அது உறிஞ்சிக்கொள்ளும். நேற்று நன்றாக ஓடிய கலவை இன்று ஓடவில்லை என்றால் முதலில் சாம்பல் லோடைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்து தேதி எழுதி வையுங்கள். கழிவுப்பொருளின் பெரிய குறையே அதுதான், அடுத்த லோடு இதே மாதிரி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

கிரஷர் டஸ்ட்டில் நைஸ் கூடுதலாக இருப்பது எஸ்சிசிக்கு நல்லதே, ஓடுவதற்கு மாவு வேண்டும். ஆனால் அந்த நைஸ் கல் மாவா, களிமண்ணா? குவாரியில் மேல்மண்ணைச் சரியாக வழிக்காமல் உடைத்தால் களிமண்ணும் சேர்ந்து வரும். அது தண்ணீர் குடிக்கும், சுருக்க விரிசலைக் கூட்டும். நொறுக்கிய மணலில் 75 மைக்ரானுக்குக் கீழே 15 சதவீதம் வரை ஐஎஸ் 383 அனுமதிக்கிறது, அது கல் மாவாக இருக்கிற நம்பிக்கையில். வசதி இருந்தால் மெத்திலீன் புளூ டெஸ்ட் பண்ணுங்கள். இல்லையென்றால் கண்ணாடி ஜாடியில் உப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்துப் பாருங்கள். மணலுக்கு மேல் தனியாகப் படியும் நைஸ் அடுக்கை விரலில் தேய்த்தால் களிமண்ணின் வழவழப்பு தெரிந்துவிடும்.

சரி, கியூப் 36. இதில் ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கிறது. கடலோரக் காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டை ஐஎஸ் 456 கடுமையான சூழல் என்று வைக்கிறது. கம்பி போட்ட வேலைக்குக் குறைந்தது எம்30 (சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் வலிமை), சிமெண்ட் முதலியவை கன மீட்டருக்கு 320 கிலோ, சிமெண்டுக்குத் தண்ணீர் விகிதம் 0.45க்குள். எம்30 என்று சொல்ல ஆய்வகத்தில் வர வேண்டிய சராசரி 30 இல்லை. கியூபுக்குக் கியூப் வரும் ஏற்றத்தாழ்வுக்காக 30 உடன் 1.65 மடங்கு 5 சேர்த்தால் 38.25. உங்கள் 36 அதை எட்டவில்லை. இப்போதைக்கு அது எம்25 தான். 56 நாளில் ஏறும், ஃபிளை ஆஷ் மெதுவாக வேலை செய்கிற ஆள். ஆனாலும் கடற்கரைக்கு அனுப்பும் முன் தண்ணீர் விகிதத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கான்கிரீட் எங்கே, ஏன் பிறந்தது என்பதும் இங்கே சம்பந்தப்பட்டது. 1986இல் ஜப்பானில் பேராசிரியர் ஹஜிமே ஒகமுரா இதை முன்வைத்தார். 1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முதல் மாதிரி வந்தது. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக யோசித்ததில்லை. தேர்ந்த ஆட்கள் குறைந்துபோய், வைப்ரேட்டரைச் சரியாகப் போடாத கட்டடங்கள் சீக்கிரம் கெட்டுப்போயின. ஆளின் கையை நம்பாமல் தானே இறுகினால் ஆயுள் கூடும் என்பது கணக்கு. ஆக டியூரபிலிட்டிதான் எஸ்சிசிக்குத் தாய். அப்படியென்றால் சோதனையும் ஈரக் கலவையிலேயே தொடங்க வேண்டும்.

ஸ்லம்ப் ஃபுளோ (கொட்டினால் பரவும் அகலம்) 660 முதல் 750 மி.மீ., வி-ஃபனலில் (புனல் வழியே வடியும் நேரம்) 8 விநாடிக்குள், எல்-பாக்ஸில் (கம்பி இடுக்கு வழியே ஓடிப்போகும் அளவு) 0.8க்குக் குறையாமல் என்று பார்த்திருப்பீர்கள். மூன்றும் தேறிய கலவைகூட அச்சுக்குள் போய்ப் பிரிந்துவிடுவதுண்டு: ஜல்லி கீழே, பால் மேலே. அந்த மேல்பகுதிதான் பின்னால் உப்புக்குக் கதவு திறந்து விடும். இதைப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். நாலு இஞ்ச் பிவிசி பைப் இரண்டடி நீளம் வாங்கி, அடியை அடைத்து, நிறுத்தி வைத்துக் கலவையை ஊற்றுங்கள். குத்த வேண்டாம், தட்ட வேண்டாம். இறுகிய பிறகு பைப்பைக் கிழித்து, கல் அறுக்கும் பட்டறையில் நெடுக்காக இரண்டாகப் பிளந்து பாருங்கள். மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் எடுத்து ஜல்லியை எண்ணினால் கதை வெளியே வந்துவிடும். நாங்கள் ஒருமுறை இப்படி அறுத்தபோது மேல் ஒன்றரை இஞ்சில் ஜல்லியே இல்லை, சுத்தச் சாந்து. ஸ்லம்ப் ஃபுளோ அன்றைக்கு 720, எல்லோரும் கைதட்டிய கலவை. வேண்டுமென்றே யாரோ ஒரு கப் தண்ணீர் கூட ஊற்றியிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. எஸ்சிசியை ஓட வைப்பது மருந்தும் மாவும். தண்ணீரை ஊற்றி ஓட வைத்தால் அதற்குப் பெயர் குழம்பு.

எதோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதை வார்ப்பதற்கு முன்பே முடிவு பண்ணுங்கள். பல புராஜெக்ட்களில் கழிவு 10, 20, 30, 40 சதவீதம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள், வைப்ரேட்டர் போட்ட சாதாரணக் கான்கிரீட் ஒன்றுகூட இருக்காது. அப்பாவுக்கு வேண்டியது அந்த ஒப்பீடுதான், அவர் இப்போது வார்ப்பது அதைத்தானே. என் கணக்கில் மூன்று கலவை போதும்: இப்போது பட்டறையில் போடும் சாதாரணக் கலவை, கழிவு இல்லாமல் சுண்ணாம்புக்கல் மாவு போட்ட எஸ்சிசி, உங்கள் சாம்பல் எஸ்சிசி. தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. சதவீதத்தை மாற்றி மாற்றி எட்டுக் கலவை போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு துண்டு சோதிப்பதைவிட, மூன்று கலவைக்கு மும்மூன்று துண்டு சோதிப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம் க்யூரிங், அதாவது வார்த்ததை நனைத்து வைப்பது. நான் பார்த்தவரை கல்லூரி டெஸ்டுகளில் பொய் கலக்கும் இடம் இதுதான், அதுவும் யாரும் வேண்டுமென்று சொல்லாத பொய். ஆய்வகத்தில் 28 நாள் தொட்டியில் ஊறப் போட்டு எடுத்துச் சோதிப்பார்கள். பட்டறையில் என்ன நடக்கிறது? இரண்டு நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்து, மூன்றாம் நாள் லோடு ஏற்றிவிடுவார்கள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று திறந்துவிட்டால் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஈரம் ஒரு மணி நேரம் நிற்காது. காற்றாலைக்கு நல்ல காற்று, கான்கிரீட்டுக்கு இல்லை. எஸ்சிசியில் மேலே கசியும் தண்ணீரும் குறைவு, அதனால் இறுகும் முன்பே மேற்பரப்பு வறண்டு மயிரிழை விரிசல் விடுவது இதில் கூடுதல். சாம்பல் போன்ற தாது சேர்க்கை உள்ள கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள், வெப்பமான வறண்ட இடத்தில் 14 நாள் வரை நீட்டுவது நல்லது என்று ஐஎஸ் 456 சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு கலவையிலும் பாதியைத் தொட்டியில் 28 நாள் வையுங்கள். மீதிப் பாதியைப் பட்டறையில் அப்பா எப்படி வைப்பாரோ அப்படியே, அதே வெயிலில், அதே இரண்டு நாள் சாக்கோடு வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் வரும் வித்தியாசம், சாம்பல் 20ஆ 30ஆ என்பதால் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

வயசும் முக்கியம். ஃபிளை ஆஷ் கலவையை 28 நாளில் சோதிப்பது, பத்தாம் வகுப்புப் பரிட்சையை ஆறாம் வகுப்புப் பையனுக்கு வைப்பது மாதிரி. 28 நாளும் பாருங்கள், 90 நாளும் பாருங்கள். புராஜெக்ட் தேதி இடம் கொடுக்காவிட்டால் 56 நாளாவது.

இப்போது டெஸ்டுகள். எனக்குப் பிடித்தது சார்ப்டிவிட்டி, அதாவது தண்ணீரைத் திரி போல உறிஞ்சும் வேகம். கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். 100 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரை 50 மி.மீ. வட்டுகளாக அறுத்து, காய வைத்து, பக்கங்களை டேப் அல்லது எபாக்சியால் அடைத்து, அடிப்பக்கம் மட்டும் இரண்டு மூன்று மி.மீ. தண்ணீரில் நனையும்படி குச்சிகள் மேல் வைக்க வேண்டும். 1, 5, 10, 20, 30, 60 நிமிஷம், அப்புறம் மணிக்கு ஒருமுறை ஆறு மணி வரை துடைத்து எடை போடுங்கள். வட்டின் பரப்பு சுமார் 7854 சதுர மி.மீ.; ஆகவே எடை 7.85 கிராம் கூடினால் தண்ணீர் 1 மி.மீ. ஏறியதாகக் கணக்கு. இந்த ஏற்றத்தை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் வரும் நேர்கோட்டின் சாய்வுதான் விடை. தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும், மளிகைக் கடைத் தராசு உதவாது. கவனிக்க வேண்டியது காய வைக்கும் முறை. அமெரிக்கத் தரக்குறிப்பான ஏஎஸ்டிஎம் சி 1585 சொல்வது 50 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தில் மூன்று நாள், பிறகு மூடிய டப்பாவில் 15 நாள். பொறுமையில்லாமல் 105 டிகிரி ஓவனில் தள்ளினால் நுண்விரிசல் விழும், எல்லாக் கலவையும் மோசமாகக் காட்டும். வட்டை எந்தப் பக்கத்திலிருந்து அறுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கம்பியைக் காக்க வேண்டியது மேல்தோல். நடுவில் அறுத்த வட்டு மட்டும் நல்ல பெயர் வாங்கினால் போதாது.

ஆர்சிபிடி எல்லோரும் கேட்பது, உப்பு எவ்வளவு எளிதில் ஊடுருவும் என்று மின்சாரம் விட்டு மதிப்பிடும் டெஸ்ட். அதே அளவு வட்டு, ஒரு பக்கம் 3 சதவீத உப்புக் கரைசல், மறுபக்கம் 0.3 நார்மல் காஸ்டிக் சோடா, நடுவில் 60 வோல்ட், ஆறு மணி நேரம். அரை மணிக்கு ஒருமுறை கரண்ட் அளவெடுத்து மொத்த மின்னூட்டத்தைக் கூலோமில் கணக்கிடுவார்கள். ஆறு மணியும் 100 மில்லி ஆம்பியரே ஓடியது என்றால் 21,600 விநாடிக்கு 2160 கூலோம். 4000க்கு மேல் மோசம், 2000 முதல் 4000 நடுத்தரம், 1000 முதல் 2000 குறைவு, அதற்கும் கீழே மிகக் குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆய்வகத்தில் நாலாவது மணி நேரத்தில் கரண்ட் போனது. நாற்பது நிமிஷம் கழித்து வந்ததும் பையன் ஸ்விட்சைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதிக் கூட்டிவிட்டான். காற்றாலை நிறைந்த மாவட்டத்தில் கரண்ட் போகாது என்று நம்பியது எங்கள் தப்பு. அந்த வட்டு வீண், எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஏனென்றால் வட்டு சூடாகிக் கரண்ட் ஏறுவதும் அந்தக் கணக்கில் அடங்கும். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். அதற்கு முன்னால் வட்டைக் காற்றிறக்கி மூன்று மணி, தண்ணீர் விட்டு இன்னும் ஒரு மணி, அப்படியே 18 மணி நேரம் ஊறவும் வைக்க வேண்டும். வேக்குவம் பம்ப் ஓட்டையாக இருந்தால் வட்டு சரியாக நனையாது, மோசமான கான்கிரீட்டும் ஜோராகத் தெரியும்.

இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது. ஆர்சிபிடி உப்பை அளக்கவில்லை, மின்சாரம் எவ்வளவு ஓடியது என்பதை அளக்கிறது. ஃபிளை ஆஷ் துளைகளில் உள்ள நீரின் காரத்தைக் குறைப்பதால் கரண்ட் குறைவாக ஓடும். உப்புக்குக் கொடுக்கும் தடை உண்மையில் கூடியதைவிடக் கொஞ்சம் பெரிதாக எண் காட்டும். கால்சியம் நைட்ரைட் கலந்த துருத்தடுப்பு மருந்து போட்டிருந்தால் தலைகீழாக, நல்ல கான்கிரீட் மோசமாகத் தெரியும். அதனால் சோதனை முடிந்த வட்டைத் தூக்கிப் போடாமல் இரண்டாகப் பிளந்து 0.1 நார்மல் சில்வர் நைட்ரேட் தெளியுங்கள். உப்பு போன ஆழம் வெள்ளையாக, மீதி பழுப்பாக நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஒரு வாரத்துக்கு விரல் கறுத்துக் கிடக்கும்.

கார்பனேஷனுக்கு ஃபினால்ஃப்தலீன். பிளந்த முகத்தில் தெளித்தால் காரம் உள்ள இடம் ரோஸ், போன இடம் நிறமில்லாமல் இருக்கும். பெட்டிக்குள் 4 சதவீத கார்பன் டை ஆக்சைடில் 28 நாள் வைப்பது வழக்கம். வெளிக்காற்றில் இருப்பது 0.042 சதவீதம் அளவு, கிட்டத்தட்ட 95இல் ஒரு பங்கு. ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளர்வதால் அந்த 28 நாளை உத்தேசமாக ஏழேகால் வருஷத்துக்குச் சமமாக வைக்கலாம். பெட்டியில் 10 மி.மீ. வந்தால் கம்பியை மூடியிருக்கும் 20 மி.மீ. கான்கிரீட் கவரைக் கடக்க நாலு மடங்கு காலம், 29 வருஷம். இதைச் சத்திய வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருக்கையில் வேகம் அதிகம், மழையில் நனையும் சுவரில் குறைவு. ஆனாலும் கலவைகளை ஒன்றோடொன்று ஒப்பிட நல்ல அளவுகோல். இரண்டு நாள் சாக்குக் கட்டிய சாம்பல் கலவை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை இதில் கட்டாயம் பாருங்கள்.

சல்ஃபேட் சோதனையில் ஒரு கண்ணி இருக்கிறது. 5 சதவீத சோடியம் சல்ஃபேட்டில் கியூபைப் போட்டு 28, 56 நாளில் நசுக்குகிறார்கள், வலிமை கூடியிருக்கும். "எங்கள் கலவை சல்ஃபேட்டைத் தாங்கியது" என்று எழுதிவிடுவார்கள். கூடியதற்குக் காரணம், உண்டாகும் எட்ரிங்கைட் என்ற படிகம் முதலில் துளைகளை நிரப்புவது. நிரப்பி முடித்த பிறகுதான் தள்ளத் தொடங்கும். மெல்லிய பட்டைகளை வார்த்து நீளம் மாறுவதை மாசக்கணக்கில் அளப்பதுதான் சரி. அதற்கு நேரமில்லை என்றால் இந்த டெஸ்டை விட்டுவிடுங்கள். அரைகுறையாகச் செய்து தப்பான முடிவு எழுதுவதற்கு அது தேவலை.

அமில டெஸ்ட் போஸ்டுக்குத் தேவையில்லை, உறைக்குத் தேவை. செப்டிக் டேங்கில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள சுவரில்தான் அரிப்பு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயுவை அங்கே ஒட்டியிருக்கும் பாக்டீரியா கந்தக அமிலமாக்குகிறது. கந்தக அமிலக் கரைசலில் துண்டுகளைப் போட்டு எடை இழப்பைப் பாருங்கள். ஆனால் கான்கிரீட் அமிலத்தைத் தின்றுகொண்டே இருக்கும், இரண்டாம் வாரம் வாளியில் இருப்பது வெறும் தண்ணீர் மாதிரிதான். பிஎச் தாள் வைத்துப் பார்த்து அமிலத்தைப் புதுப்பிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் மாவு போட்ட கலவை இதில் கிரானைட் தூள் கலவையைவிட வேகமாகக் கரைவதும் எதிர்பார்க்க வேண்டியதே.

உறைதல்-உருகுதல் சோதனை வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுக் கட்டுரையைப் பார்த்து அதையும் சேர்த்து, ஐஸ்கிரீம் ஃப்ரீசரில் கியூபை வைத்த ஒரு குழுவைப் பார்த்திருக்கிறேன். மாஞ்சோலையில்கூடக் கான்கிரீட்டுக்குள் தண்ணீர் உறையாது.

ஆய்வகம் சொல்லாததை உவரி சொல்லும். உங்களுக்கு அங்கே உறவினர் யாராவது இருந்தால், அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு இரும்புச் சட்டத்தில் கடலைப் பார்த்துச் சின்னப் பட்டைகளை வரிசையாக நிறுத்துங்கள். அதே கலவையில் வார்த்த இன்னொரு வரிசையைப் பாளையங்கோட்டை மாடியில். சிலவற்றில் கம்பி, கவர் 15, 25, 35 மி.மீ. என்று மாற்றி. வருஷம் ஒருமுறை இரண்டிரண்டாக எடுத்துப் பிளந்து சில்வர் நைட்ரேட்டும் ஃபினால்ஃப்தலீனும் தெளிக்க வேண்டும். உங்கள் படிப்பு முடிந்துவிடும், பட்டை அங்கேயே இருக்கும். அடுத்த செட் மாணவர்கள் பிளக்கட்டும். அடையாளத்தைப் பெயிண்டில் எழுதாதீர்கள், ஒரே காற்றுக்காலத்தில் போய்விடும். வார்க்கும்போதே வெட்டுக்குறி போட்டு வையுங்கள்.

இனி அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது. கடுமையான சூழலுக்கு ஐஎஸ் 456 கேட்கும் கவர் 45 மி.மீ. நாலு இஞ்ச் போஸ்டில் இரண்டு பக்கமும் 45 விட்டால் நடுவில் மிஞ்சுவது 10 மி.மீ. நாலு கம்பியை எங்கே வைப்பது? ஆக கடற்கரை வரிசை வீடுகளுக்கு நாலு இஞ்ச் கம்பிப் போஸ்ட் என்பதே சரியில்லை, உள்ளே என்ன கான்கிரீட் போட்டாலும். அங்கே போஸ்டைத் தடிப்பாக்குங்கள், அல்லது கம்பியில்லாத கல் தூணே நல்லது என்று வாங்க வருபவரிடம் சொல்லிவிடுங்கள். திசையன்விளைக்கு வடமேற்கே நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி என்று உள்ளே போகிற ஆர்டருக்கு உங்கள் எஸ்சிசி பொருந்தும், பத்து நாள் நனைத்தால். மெல்லிய அச்சில் கம்பி நெருக்கமாக இருக்கும் போஸ்டுக்கு வைப்ரேட்டர் விட முடியாமல் மூலையில் ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடு விழுவதுதான் பட்டறைகளின் பழைய தொல்லை. அதை இந்தக் கலவை தீர்க்கும். உறைக்கு எம்30 சராசரி வந்த பிறகு பார்க்கலாம்.

கடைசியாக, நெல் உமிச்சாம்பலும் சேர்க்கலாமா என்று தனியாக ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்க ரைஸ் மில்களில் மலையாகக் கிடப்பது உண்மை. ஆனால் கொதிகலனில் கண்டபடி எரிந்த கறுப்புச் சாம்பலில் கரி அதிகம், மருந்தைக் குடித்துவிடும். 700 டிகிரிக்குள் கட்டுப்பாடாக எரித்து நைஸாக அரைத்த சாம்பல் என்றால் சிமெண்டில் 5 முதல் 10 சதவீதம் வரை போட்டுப் பாருங்கள், கலவை பிரியாமல் பிடித்து நிறுத்தும். இந்த புராஜெக்டில் சேர்க்க வேண்டாம். மூன்று கலவை நாலாகும், நாலு எட்டாகும், 90 நாள் டெஸ்ட் 28க்கு இறங்கிவிடும்.

அறுத்த வட்டுகளை வெளியே கொடுத்துச் சோதிப்பதானால் ஈரச் சாக்கில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோங்கள். போன சித்திரையில் ஒரு தம்பி வள்ளியூரிலிருந்து பைக் டேங்க் மேல் திறந்தபடி வைத்துக் கொண்டுவந்தார். ஒன்பது வட்டில் நாலில் விளிம்பு உடைந்திருந்தது, மீதி ஐந்தும் அப்பளமாகக் காய்ந்திருந்தன.